எட்டு வெற்றியும் ஒரு குப்பைத்தொட்டியும்

ஜெயிச்சவங்க கதையை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. தோத்தவங்க கதையை யாராவது ஒருத்தர் எழுதணும் இல்லையா? இந்த வாரம் அந்த வேலையை நான் எடுத்துக்கிட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். காப்பியோ டீயோ பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க.

போன மாசம் நண்பர் ஒருவரை ஒரு பரிசோதனைக்காக மேரிலாந்து மாநிலத்தில் லார்கோ என்ற ஊரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். அவர் உள்ளே போனதும் எனக்கு மூணு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை. கையில் புத்தகம் இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து நாற்காலியில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். தொப்பியில் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் பெயர். பேச்சுக் கொடுத்தேன்.

"இப்ப நாம உட்கார்ந்திருக்கற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

கேப்பிட்டல் சென்டர் என்று ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கம் இந்த இடத்தில்தான் இருந்ததாம். அந்த அணி பிறந்த முதல் வருஷம், 1974-ல், பள்ளிக்கூடப் பையனாக அப்பாவோடு வந்து பார்த்திருக்கிறார். "முதல் வருஷம் எத்தனை மேட்ச் ஜெயிச்சாங்க?" என்று கேட்டேன். "எட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பத்தில் எட்டு இல்லை மக்களே. எண்பதில் எட்டு!

வீட்டுக்கு வந்ததும் தோண்ட ஆரம்பித்தேன். நமக்குத்தான் ஒரு நூல் கிடைத்தால் புடவை வரைக்கும் உருவாமல் தூக்கம் வராதே :-) தோண்டத் தோண்ட வந்தது ஒரு சிரிப்புக் கதை என்றுதான் முதலில் நினைத்தேன். முடிவில் அப்படி நினைக்க முடியவில்லை.

ஐஸ் ஹாக்கி பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். பனித்தரையில் சறுக்குச் செருப்பு கட்டிக்கொண்டு, பக் என்ற கறுப்பு ரப்பர் வில்லையை மட்டையால் அடித்து எதிரணி வலைக்குள் தள்ள வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. அன்றைக்கு ஜெயித்தால் 2 புள்ளி, சமன் ஆனால் 1 புள்ளி. அந்தக் காலத்தில் லீக் ஆட்டங்களில் கூடுதல் நேரம் கிடையாது. வட அமெரிக்காவின் பெரிய லீக்குக்கு என்.எச்.எல். என்று பெயர். அதில் கடைசியாக ஜெயிக்கும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை. ஜெயித்த ஆட்டக்காரர்கள் அந்த வெள்ளிக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பனித்தரையைச் சுற்றி வருவார்கள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம்.

1974-75 பருவத்தில் வாஷிங்டன் ஆடியது 80 ஆட்டம். வெற்றி 8, தோல்வி 67, சமன் 5. மொத்தம் 21 புள்ளி. போட்ட கோல் 181, வாங்கிய கோல் 446. அதாவது ஒரு ஆட்டத்துக்கு சராசரியாக ஐந்தரைக்கும் மேல் வாங்கியிருக்கிறார்கள். வெளியூரில் ஆடிய 40 ஆட்டத்தில் 39 தோல்வி. அதில் முதல் 37 ஆட்டமும் வரிசையாகத் தோல்வி. பிப்ரவரி, மார்ச்சில் உள்ளூர் வெளியூர் எல்லாம் சேர்த்துத் தொடர்ந்து 17 தோல்வி. கிடைத்த புள்ளிகளின் விகிதத்தில் பார்த்தால் என்.எச்.எல். வரலாற்றிலேயே இதைவிட மோசமான பருவம் இன்று வரை இல்லை. 1992-93-ல் சான் ஹோசே அணி 71 ஆட்டம் தோற்றது, அதே வருஷம் ஒட்டாவா 70 தோற்றது. ஆனால் அவர்கள் ஆடியது 84 ஆட்டம், ஜெயித்ததும் முறையே 11, 10. எட்டுக்கு எட்டுதான் ஈடு.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் சட்டென்று சொல்வது, "அப்படின்னா அந்தப் பயலுகளுக்கு ஆடத் தெரியல." நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு அணி முதல் ஆட்டத்துக்கு இறங்குவதற்கு முன்னாலேயே தோற்றிருக்க முடியுமா?

முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

1967 வரை என்.எச்.எல்.லில் மொத்தமே ஆறு அணிகள்தான். 1967-ல் ஒரே அடியாகப் பன்னிரண்டு ஆக்கினார்கள். பிறகு இரண்டு இரண்டாகக் கூட்டிக்கொண்டே போய் 1974-ல் பதினெட்டு. இது போதாதென்று 1972-ல் டபிள்யூ.எச்.ஏ. என்று போட்டி லீக் ஒன்று தொடங்கியது. அவர்கள் பணப்பையை அவிழ்த்துவிட்டு பாபி ஹல் மாதிரி பெரிய நட்சத்திரங்களையே இழுத்துக்கொண்டு போனார்கள். 1974-75-ல் அந்த லீக்கில் 14 அணிகள். ஆக மொத்தம் 32. ஏழே வருஷத்துக்கு முன்னால் ஆறு அணிக்கு ஆள் கொடுத்துக்கொண்டிருந்த அதே குளம், இப்போது 32 அணிக்கு மீன் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கனடாக்காரர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த நேரத்தில்தான் வாஷிங்டன், கான்சாஸ் சிட்டி என்று இரண்டு புது அணிகளை லீக் சேர்த்துக்கொண்டது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 60 லட்சம் டாலர். அதற்குப் பதிலாகக் கிடைத்தது என்ன? ஏற்கெனவே இருந்த 16 அணிகளும் தங்களுடைய நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு, மிச்சம் மீதியைக் கடை பரப்பின. ஒரு அணியிடமிருந்து மூன்று பேர். ஆக 48 பேர், புது அணிகளுக்கு ஆளுக்கு 24.

சின்ன வயசுல தெருவுல கிரிக்கெட் ஆடும்போது ஆள் பிரிப்போமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு கேப்டனும் நல்லா ஆடறவனை மாத்தி மாத்தி எடுத்துக்குவாங்க. கடைசியில் நிற்பவன் ஒப்புக்குச் சப்பாணி. (அது பெரும்பாலும் நான்தான் என்பது இங்கே தேவையில்லாத தகவல் :-)) ஒவ்வொரு தெருவிலும் கடைசியாக நின்ற ஆளை எல்லாம் சேர்த்து ஒரு அணி கட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் 1974 வாஷிங்டன்.

இன்னொரு கொடுமையும் உண்டு. 1967-ல் ஆறு புது அணிகளைச் சேர்த்தபோது ஆறையும் ஒரே பிரிவில் வைத்தார்கள். புதுசும் புதுசும் மோதிக்கொண்டதால் யாராவது ஒருவர் ஜெயித்தே ஆக வேண்டும். அந்தப் பிரிவிலிருந்து செயின்ட் லூயிஸ் அணி முதல் மூன்று வருஷமும் இறுதிப் போட்டிக்கே போய்விட்டது (போய் மூன்று முறையும் அடி வாங்கியது வேறு விஷயம்). வாஷிங்டனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மான்ட்ரியால் மாதிரி ஜாம்பவான் இருக்கும் பிரிவில் தூக்கிப் போட்டார்கள். அந்த வருஷம் மான்ட்ரியால் எடுத்தது 113 புள்ளி.

அணியை விலைக்கு வாங்கியவர் ஏப் போலின். கட்டடத் தொழிலில் சம்பாதித்தவர். கூடைப்பந்து அணி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது, வாஷிங்டன் புல்லட்ஸ். 1973 டிசம்பரில் லாண்டோவர் பக்கத்தில் கேப்பிட்டல் சென்டரைத் திறந்தார். ஆடும்போதே காட்சிகளைப் பெரிய திரையில் திருப்பிப் போட்டுக் காட்டும் வசதி அங்கே இருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய அதிசயம்.

மேலாளராக வந்தவர் சாதாரண ஆள் இல்லை. மில்ட் ஷ்மிட். பாஸ்டன் அணிக்கு ஆடி 1939, 1941-ல் கோப்பை வாங்கியவர். பிறகு அதே அணிக்கு மேலாளராக இருந்து 1970, 1972 கோப்பைகளுக்கு வழி செய்தவர். இளம் ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் முதல் வாய்ப்பு வாஷிங்டனுக்குத்தான். கிரெக் ஜோலி என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தார்கள். ஜூனியர் அளவில் அந்த வருஷம் கலக்கிக்கொண்டிருந்த பையன். பாவம், காயமும் எதிர்பார்ப்பும் சேர்ந்து அழுத்தியதில் இரண்டே பருவத்தில் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதே தேர்வில் 22-வது ஆளாகப் போன பிரையன் ட்ராட்டியே பின்னாளில் மகத்தான ஆட்டக்காரர் ஆனார். அது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

1974 அக்டோபர் 9. முதல் ஆட்டம் நியூயார்க் ரேஞ்சர்ஸோடு. 6-3 தோல்வி. அக்டோபர் 15, சொந்த அரங்கில் முதல் ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸோடு 1-1 சமன். அக்டோபர் 17, சிகாகோவை 4-3 என்று ஜெயித்தார்கள். அட, பரவாயில்லையே என்று ஊர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நிமிர்ந்தது அவ்வளவுதான்.

பாஸ்டனிடம் 12-1. பிட்ஸ்பர்கிடமும் 12-1. முதல் பயிற்சியாளர் ஜிம் ஆண்டர்சன் 54 ஆட்டம் தாக்குப்பிடித்தார். வெற்றி 4, தோல்வி 45, சமன் 5. அடுத்து வந்த ரெட் சல்லிவன் 18 ஆட்டம், 2 வெற்றி, 16 தோல்வி. அவரும் போனார். மிச்சமிருந்த 8 ஆட்டத்துக்கு மேலாளர் ஷ்மிட்டே இறங்கி நின்றார். அப்போது அவருக்கு 57 வயசு. நாலு கோப்பையில் பங்குள்ள மனுஷன், ஒண்ணும் இல்லாத அணியோட பெஞ்சுக்குப் பின்னாடி வந்து நிற்கிறார். ஓடிப்போயிருக்கலாம், போகவில்லை.

ஆட்டக்காரர்கள் யார் என்று பார்த்தால், இவர்களா ஆடத் தெரியாதவர்கள் என்று தோன்றுகிறது. கேப்டன் டக் மோன்ஸ். 1953-லிருந்து இந்த லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர். பருவம் தொடங்கும்போது 40 வயசு, இது அவருடைய 22-வது பருவம், கடைசிப் பருவம். அணியில் அதிகம் கோல் போட்ட டாமி வில்லியம்ஸ் 1960 குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணியில் இருந்தவர். இங்கே 22 கோல் போட்டு, இன்னொரு 36 கோலுக்குக் கைகொடுத்தார்.

கோல்கீப்பர்கள் மூன்று பேர். இந்தப் பருவத்தில் எனக்கு ரொம்ப மனசு கஷ்டமானது இவர்கள் கணக்கைப் பார்த்துத்தான். ரான் லோ, 8 வெற்றி, 36 தோல்வி, 2 சமன். அதாவது அணியின் எட்டு வெற்றியும் இவர் வலையில் நின்றபோது வந்தவை. ஜான் ஆடம்ஸ், 7 தோல்வி. மிஷெல் பெலூமர், வெற்றி 0, தோல்வி 24, சமன் 3.

பெலூமர் அதற்கு முன்னால் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தவர். அங்கே 1972-73-ல் ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர். அதே ஆள், அதே கை, அதே கண். சட்டை மட்டும் மாறியது. அடுத்த வருஷமும் வாஷிங்டனுக்குச் சில ஆட்டம் நின்றார், அப்போதும் வெற்றி இல்லை. வாஷிங்டன் சட்டையில் ஒரு வெற்றி கூட இல்லாமலேயே அவருடைய என்.எச்.எல். வாழ்க்கை முடிந்தது. ராத்திரிக்கு ராத்திரி முகமூடியை மாட்டிக்கொண்டு, எத்தனை வாங்கப் போகிறோமோ என்று தெரியாமல் வலைக்கு முன்னால் போய் நிற்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்? நமக்கெல்லாம் ஒரு நாள் ஆபீஸ்ல திட்டு வாங்கினாலே மறுநாள் வயித்துவலி வந்துடுது.

அடுத்து பில் மிக்கல்சன். தடுப்பாட்டக்காரர். ஹாக்கியில் கூட்டல்-கழித்தல் என்று ஒரு கணக்கு உண்டு. நீங்கள் பனித்தரையில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் உங்களுக்குக் கூட்டல் ஒன்று, எதிரணி போட்டால் கழித்தல் ஒன்று. (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது போடும் கோல் இதில் சேராது.) அந்தப் பருவத்தில் மிக்கல்சன் ஆடியது 59 ஆட்டம். கணக்கு: கழித்தல் 82. ஒரு பருவத்தில் இதைவிட மோசமான எண் என்.எச்.எல்.லில் இன்று வரை யாருக்கும் வரவில்லை. அணியிலேயே மோசமான ஆள் என்பதால் வந்த எண்ணா? இந்தக் கணக்கில் ஒரு விஷயம் இருக்கிறது. கழித்தல் 82 வாங்க வேண்டும் என்றால் பயிற்சியாளர் உங்களைத் திரும்பத் திரும்ப இறக்க வேண்டும். எதிரணியின் ஆபத்தான ஆட்கள் வரும்போது "நீ போ" என்று அனுப்பப்படுகிறவருக்குத்தான் இவ்வளவு சேரும். பெஞ்சில் உட்கார்ந்தவன் கணக்கு எப்போதுமே சுத்தமாக இருக்கும்.

மிக்கல்சனின் ஜாதகம் அப்படி. இதற்கு முன்னால் 1972-73-ல் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அணியின் முதல் பருவத்தில் ஆடியவர். அவர்கள் அந்த வருஷம் ஜெயித்தது 12, தோற்றது 60. இரண்டு புது அணிகளின் பிள்ளைப் பருவத்துக்கும் சுமைதாங்கிக் கல்லாக இவரே இருந்திருக்கிறார்.

இதே வருஷம் இதே அரங்கில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போலினின் கூடைப்பந்து அணி புல்லட்ஸ் 82 ஆட்டத்தில் 60 ஜெயித்தது. ஒரே முதலாளி, ஒரே கட்டடம். ஒரு ராத்திரி கூடைப்பந்துக்குப் பலகை போடுவார்கள், மறு ராத்திரி பலகையை எடுத்தால் கீழே பனி. பலகை மேலே இருந்தால் வெற்றி, எடுத்தால் தோல்வி. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

இனி குப்பைத்தொட்டிக்கு வருவோம்.

1975 மார்ச் 28. ஓக்லாண்டில் கலிஃபோர்னியா கோல்டன் சீல்ஸ் அணியோடு ஆட்டம். அதுவரை வெளியூரில் 37-க்கு 37 தோல்வி. அன்றைக்கு வாஷிங்டன் 5-3 என்று ஜெயித்தது. அந்த வருஷத்தின் ஒரே வெளியூர் வெற்றி!

ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உடை மாற்றும் அறையில் இருந்த ஒரு குப்பைத்தொட்டியைத் தூக்கினார்கள். எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். மறுபடியும் பனித்தரைக்குப் போய், ஸ்டான்லி கோப்பையைத் தூக்குகிற மாதிரி அந்தத் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். இந்தக் கூத்துக்கு முன்னால் நின்றவர் டாமி வில்லியம்ஸ். நிஜ ஒலிம்பிக் தங்கத்தைக் கழுத்தில் போட்ட ஆள்!

இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை ஜோக்காகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்களை உலகம் என்ன பேசுகிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் தாங்களே தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். அதே சமயம் அந்த 5-3 நிஜம். கோப்பை குப்பைத்தொட்டியாக இருக்கலாம், வெற்றி குப்பை இல்லை. ஐந்தரை மாசம் அடி வாங்கிய பிறகும் அப்படிச் சிரிக்கத் தெரிந்த கூட்டத்தை எப்படித் தோற்றவர்கள் என்று சொல்வது?

(வேடிக்கை என்னவென்றால், 60 ஆட்டம் ஜெயித்த புல்லட்ஸ் இரண்டு மாசம் கழித்து இறுதிப் போட்டிக்குப் போய், ஓக்லாண்டைச் சேர்ந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் 4-0 என்று துடைத்தெறியப்பட்டது. எட்டு ஜெயித்தவர்கள் ஓக்லாண்டில் ஜெயித்துவிட்டு வந்தார்கள், அறுபது ஜெயித்தவர்கள் ஓக்லாண்டுக்காரர்களிடம் ஒன்று கூட ஜெயிக்கவில்லை.)

ஏப்ரல் 6, கடைசி ஆட்டம், சொந்த அரங்கில். 12-1 என்று அடித்த அதே பிட்ஸ்பர்கை 8-4 என்று ஜெயித்தார்கள். ஸ்டான் கில்பர்ட்சன் தனியாக நாலு கோல். கதை முடிந்தது.

நிற்க. இப்போதுதான் எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம்.

அந்த வருஷம் வாஷிங்டனோடு சேர்ந்து பிறந்த கான்சாஸ் சிட்டி எடுத்தது 41 புள்ளி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த அணி கான்சாஸ் சிட்டியில் இருந்தது இரண்டே வருஷம். 1976-ல் டென்வருக்கு மூட்டை கட்டி, 1982-ல் அங்கிருந்தும் நியூ ஜெர்சிக்குப் போனது. ஓக்லாண்டில் தோற்ற கோல்டன் சீல்ஸ் 1976-ல் கிளீவ்லாந்துக்குப் போய், 1978-ல் மினசோட்டா அணியோடு கலந்து காணாமலே போனது. எல்லோரையும்விட மோசமாக ஆடிய வாஷிங்டன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது!

சுலபமாக இருக்கவில்லை. இரண்டாம் வருஷம் 11 வெற்றிதான். 1982 வரை ஒரு முறை கூட அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. நஷ்டம் ஏறிக்கொண்டே போக, 1982 கோடையில் போலின், டிக்கெட் விற்கணும், வரியைக் குறைக்கணும், வாடகையைக் குறைக்கணும், இல்லையென்றால் கடையைக் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஊர் மக்கள் அணியைக் காப்பாற்ற ஒரு இயக்கமே நடத்தி டிக்கெட் வாங்கினார்கள். செப்டம்பரில் மான்ட்ரியாலிலிருந்து ராட் லாங்வே என்ற தடுப்பாட்டக்காரர் வந்தார். 1983-ல் முதல் முறையாக அடுத்த சுற்று.

அந்த முதல் வருஷ ஆட்டக்காரர்களில் ஈவான் லாபர் என்றொரு தடுப்பாட்டக்காரர் இருந்தார். சொந்த அரங்கில் அணியின் முதல் கோல் அவர் போட்டதுதான். அதிகம் கோல் போடுகிறவர் இல்லை. ஆனால் பின்னாளில் அவருடைய 7-ம் எண்ணை இனி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அணி எடுத்து வைத்துவிட்டது. தோல்வி காலத்தில் கூட நின்றவனுக்குச் செய்த மரியாதை.

கடைசியாக 2018. அணி பிறந்து 44 வருஷம் கழித்து, ஜூன் 7 அன்று, வாஷிங்டன் தன் முதல் ஸ்டான்லி கோப்பையை வாங்கியது. இறுதிப் போட்டியில் எதிரணி யார் என்று நினைக்கிறீர்கள்? வேகாஸ் கோல்டன் நைட்ஸ். அவர்களுக்கு அது முதல் வருஷம்!

ஒரு புது அணி முதல் வருஷத்தில் 8 வெற்றி. இன்னொரு புது அணி முதல் வருஷத்தில் 51 வெற்றி, 109 புள்ளி, இறுதிப் போட்டி. என்ன வித்தியாசம்? விதி. தலைவிதி இல்லை, லீக் போட்ட விதி. வேகாஸ் முதலாளி கட்டிய நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர். அவ்வளவு வாங்கிவிட்டு மிச்சம் மீதியைப் போட முடியுமா? 2017-ல் மற்ற அணிகள் பூட்டி வைத்துக்கொள்ளும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கோல்கீப்பர் என்றால் ஒருவரை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் மூன்று கோப்பையில் பங்குள்ள மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி மாதிரி ஒரு கோல்கீப்பர் வேகாஸுக்குக் கிடைத்தார். பெலூமரும் ஃப்ளூரியும் புது அணியின் வலைக்கு முன்னால் போய் நின்றவர்கள்தான். முன்னால் யாரை நிற்க வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

வேகாஸ் உழைக்கவில்லை, திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே தராசை எடுத்து 1974 ஆட்களை நிறுத்து "வரலாற்றிலேயே மோசமானவர்கள்" என்று எழுதும்போது, தராசைத் தயார் பண்ணியது யார் என்றும் ஒரு வரி எழுத வேண்டும். அதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல நினைத்தேன்.

கழித்தல் 82 வாங்கிய பில் மிக்கல்சன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். மகன் பிரெண்டன் என்.எச்.எல்.லில் ஆடினார். மகள் மேகன் மிக்கல்சன் கனடா பெண்கள் அணியின் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம், 2014 சோச்சியில் தங்கம். அந்த எண்ணோடு வாழ்ந்த அப்பா வீட்டில்தான் இந்த இரண்டு பிள்ளைகளும் ஹாக்கி மட்டையைப் பிடித்து வளர்ந்தார்கள். எட்டு வெற்றிக்கும் வலை காத்த ரான் லோ பின்னாளில் எட்மன்டன், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

கேப்பிட்டல் சென்டரை 2002 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே ஒரு கடைத்தெரு வந்தது, அதுவும் மூடியது, 2021-ல் ஆஸ்பத்திரி திறந்தார்கள்.

ஆஸ்பத்திரிப் பெரியவருக்குத் திரும்பி வருகிறேன். "இவ்வளவு தோத்தும் ஏன் திரும்பத் திரும்ப வந்தீங்க?" என்று அன்றைக்கு அவரிடம் கேட்டிருந்தேன். கொஞ்சம் யோசித்தார். "அப்பா வார நாள்ல ராத்திரி லேட்டாத்தான் வீட்டுக்கு வருவாரு. மேட்ச் அன்னிக்கு மட்டும் மூணு மணி நேரம் என் பக்கத்துல உட்கார்ந்திருப்பாரு. கடைசி மேட்ச் 8-4 ஜெயிச்சதுக்கும் நாங்க இருந்தோம்" என்றார். அதற்குள் நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட, தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த 8-4 ஆட்டத்தின் தேதியை மறுபடி பாருங்கள். 1975 ஏப்ரல் 6. சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2025 ஏப்ரல் 6 அன்று, அதே வாஷிங்டன் அணியின் அலெக்ஸ் ஒவெச்கின் தன்னுடைய 895-வது கோலைப் போட்டு வேய்ன் க்ரெட்ஸ்கியின் 894-ஐத் தாண்டினார். உலகமே கொண்டாடியது. அன்றைய ஆட்டத்தில் வாஷிங்டன் ஐலாண்டர்ஸிடம் 4-1 என்று தோற்றுப்போனது, அது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அதே தேதியில் ஜெயித்தது, அதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஒருத்தருக்கு இருக்கிறது. அவரிடம் இந்தத் தேதி விஷயத்தைச் சொல்லணும். அடுத்த தடவை நண்பரை அழைத்துப் போகும்போது அந்தச் சிவப்புத் தொப்பி கண்ணில் படுகிறதா என்று பார்க்கிறேன்.

பி.கு: அந்த முதல் வருஷம் சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் கால்சட்டை போட்டு அனுப்பினார்களாம். நனைந்தால் பார்க்கச் சகிக்கவில்லை என்று சில ஆட்டத்திலேயே அதை மூட்டை கட்டிவிட்டார்கள். பட்ட காலிலே படும் என்பது இதுதான் போல :-)